மாக்கோலம் மார்க்கெட்டில் போணி

"போணி ஆச்சாம்மா?"

இதைக் கேட்காமல் அடைக்கலமேரி எந்தக் கடையிலும் ஒரு வெண்டைக்காயைக்கூடத் தொடமாட்டாள். ஜெயங்கொண்டம் சந்தையில் கேட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். அவள் கேட்டது கானா நாட்டில், அக்ரா நகரத்தின் நட்டநடுவில், மக்கோலா மார்க்கெட்டில். தக்காளிக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழில் கேட்டாள். அந்தப் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அக்கா என் பக்கம் திரும்பி, "என்னாடா இளிக்கிறா? ஆச்சா இல்லியான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

கேட்டேன். வேறு வழி? ஆள்மேல் ஆள் இடிக்கும் சந்தில், உச்சி வெயிலில், "இன்று உங்களுக்கு முதல் வியாபாரம் ஆகிவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் விசாரிப்பதற்கென்றே என்னைப் பெற்று வளர்த்தார்கள் போலிருக்கிறது. ஆகிவிட்டது என்று பதில் வந்தால் அக்கா குந்தி உட்கார்ந்து பேரத்தை ஆரம்பிப்பாள். இன்னும் இல்லை என்று வந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவாள். பின்னாலிருந்து வரும் ஏச்சையும் பேச்சையும் வாங்கிக்கொள்வது என் பொறுப்பு.

அடைக்கலமேரி என் உடன்பிறந்த அக்கா. ஊர் வரதராஜன்பேட்டை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றாள். ஒரே மகள் அனிதா மேரி திருச்சியில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். நான் அக்ராவில் ஒரு டைல்ஸ் கிடங்கில் கணக்குப் பார்க்கிறேன். என் மனைவி சகாய பிரியாவுக்கு இரண்டாவது பிரசவம். மாமியாருக்கு மூட்டுவலி, விமானப் படியில் ஏற முடியாது. ஆகவே பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்து இறங்கினாள். நான் அவளைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவது அவளுக்குத் தெரியும். "எழுதிக்க. போட்டோ மட்டும் போட்டுடாத, அந்த பாஸ்போர்ட்டு போட்டோவுல நான் திருடியாட்டம் இருக்கேன்" என்று அனுமதி தந்திருக்கிறாள்.

ஆள் குட்டை. நடை மட்டும் நெட்டை ஆளின் நடை, கூடவே ஓட வேண்டும். பொட்டு இல்லை, பூ இல்லை. கழுத்தில் ஒரு செபமாலை, கையில் ரப்பர் வளையல், காலில் பின்பக்கம் தேய்ந்துபோன ஹவாய் செருப்பு. பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய வயர் கூடை ஒன்று அவள் உடம்பின் இன்னொரு உறுப்பு. விமானத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். "இங்கே பை கிடைக்காதாக்கா?" என்று கேட்டேன். "பை கெடைக்கும். கூடை கெடைக்குமா?" என்றாள். இப்படி ஒரு பதிலுக்கு மேல் யார் என்ன பேச முடியும்?

அந்தக் கூடைக்குள் புளி, வெங்காய வடகம், சுண்டைக்காய் வற்றல். அடியில், துணியில் முடிந்து, எங்கள் முந்திரிக்காட்டுப் பருப்பு. கானாவிலும் முந்திரி விளைகிறது, மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறுகிறது என்று எடுத்துச் சொன்னேன். "வெளையும். நம்ம காட்டு ருசி வருமா?" என்றாள், தின்று பார்க்காமலே. விமான நிலையத்துக்கு வெளியே செம்மண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். குனிந்து கொஞ்சம் அள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்து, "ஏண்டா செல்வம், இது நம்ம ஆண்டிமடத்து மண்ணுல்ல? இதப் பாக்கவா ரெண்டு ஏரோப்ளேன் மாறி வந்தேன்?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். மண்ணை நான்தான் மாற்றி வைத்ததுபோல.

மக்கோலா என்ற பெயர் அவள் வாயில் முதல் நாளே மாக்கோலம் ஆகிவிட்டது. "மாக்கோலம் மார்க்கெட்டு எப்ப போவலாம்?" திருத்தினேன். "அதத்தானே நானும் சொல்றேன்" என்றாள். இப்போது பிரியாவும் மாக்கோலம் என்றுதான் சொல்கிறாள். போன வாரம் கிடங்கு முதலாளியிடம் எனக்கே வாய் தவறி வந்துவிட்டது.

அந்த மார்க்கெட்டைச் சொல்லில் அடக்குவது கஷ்டம். தெருவே கடை, கடையே தெரு. துணி மலைக்கு அடுத்து மிளகாய் மலை, அதற்கு அடுத்து பிளாஸ்டிக் வாளி மலை. புகை போட்ட மீன் கறுப்புக் கறுப்பாக அடுக்கியிருக்கும். பெரிய நத்தைகள் தட்டில் ஊரும். விற்பவர்கள் அநேகமாக எல்லாருமே பெண்கள். குரல்கள் அதற்குத் தகுந்தாற்போல. தலையில் பெரிய தாம்பாளம் நிறையச் சுமை ஏற்றிய பெண்கள் வழி கேட்டு "ஆகோ! ஆகோ!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வருவார்கள். ஒதுங்க வேண்டும். அக்கா ஒதுங்கமாட்டாள். நின்று பார்ப்பாள். "ஏண்டா, எல்லாரும் ஆகா ஆகான்னு என்னத்தப் பாத்துப் பாராட்டிகிட்டே போறாங்க?" இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தாம்பாளம் என் காதில் இடித்தது. அவளை இடிக்கவில்லை. அவள் குட்டை.

வெளிநாட்டு ஆட்களை அங்கே 'ஒப்ரோனி' என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரர் என்று அர்த்தம். எங்களையும் அதில்தான் சேர்ப்பார்கள். அர்த்தத்தைச் சொன்னதும் அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரிகளும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் 'கொஞ்சம் நெறம் கம்மி' என்று எழுந்துபோன கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "எலேய், என்னையா வெள்ளைக்காரிங்கறாங்க? அந்த உடையார்பாளையத்துக்காரன் வூட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுடா!"

ஆனால் ஒரு விஷயத்தில் அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தக்காளியையும் கத்திரியையும் சிறுசிறு குவியலாக, மேலே ஒன்று கோபுரம்போல நிற்க, அடுக்கி வைத்திருந்தார்கள். "கூறு வச்சிருக்காங்க பாரு!" என்றாள். அவ்வளவுதான், அந்த மார்க்கெட் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. பத்துக் கடையில் விலை விசாரித்து, பத்திலும் சண்டை போட்டு, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருவாள். வாங்கிய பிறகு கையை நீட்டியபடி நிற்பாள். கொசுறு வேண்டுமாம். நான் வெட்கத்தில் வானத்தைப் பார்ப்பேன். ஆச்சரியம், அந்தப் பெண்கள் கொடுத்தார்கள். ஒரு தக்காளி, இரண்டு மிளகாய், சிரிப்போடு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவள் கிளம்பும் நேரம். எனக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. ஞாயிறு காலை பூசைக்குப் போய்விடும். சனி விடியலில் போனால் மீன் துள்ளும், காய் சிரிக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். அக்கா விடியலிலேயே எழுந்துவிடுவாள்; இட்லி ஊற்றுவாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், செபமாலை சொல்வாள், கூடையைத் துடைப்பாள். கிளம்பமட்டும் மாட்டாள். "இருடா, வெயிலு ஏறட்டும்" என்பாள். உலகத்தில் வெயில் ஏறக் காத்திருந்து சந்தைக்குப் போகிற ஒரே பெண்பிள்ளை இவள்தான். நாங்கள் போய்ச் சேரும்போது நல்ல மீனெல்லாம் போயிருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கிடைக்கவில்லையே என்று அவள் ஆப்பிரிக்கக் கடலைத் திட்டுவாள்.

வெயில் ஏறினால் எல்லாக் கடையிலும் போணி ஆகியிருக்கும். அதுதான் காரணம். எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிச்சல்.

அத்தான் செபஸ்டின் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டு இறந்தபோது அனிதா கைக்குழந்தை. துக்கமெல்லாம் முடிந்து அக்கா முதன்முதலாகச் சந்தைக்குப் போனாள். அய்யாக்கண்ணு என்று ஒரு காய்க்காரர், இன்றைக்கும் அதே இடத்தில் சாக்கு விரிக்கிறவர், அப்போதுதான் கத்திரிக்காயைக் கொட்டியிருந்தார். அக்கா ஒரு காயை எடுத்தாள். அவர் கெட்டவர் இல்லை. திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் இருங்கம்மா, போணி ஆவட்டும்" என்றார். சொல்லிவிட்டு, அவளுக்குப் பின்னால் வந்து நின்ற பொட்டும் பூவுமான ஒரு பெண்ணுக்கு எடை போட்டுக் கொடுத்தார். அதற்கு அப்புறம் அக்காவுக்கும் கொடுத்தார், ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் சேர்த்து.

அன்றிலிருந்து அவள் முந்திக்கொண்டாள். யாரும் சொல்வதற்குமுன் தானே கேட்டுவிடுவது. "நாமளே கேட்டுட்டா அவங்களுக்கும் சங்கடம் இல்ல பாரு" என்பாள், ஏதோ பஸ்ஸில் கண்டக்டர் கேட்குமுன் சில்லறையை நீட்டுகிற மாதிரி. சாமியார் எத்தனையோ ஞாயிறு பிரசங்கத்தில் இதையெல்லாம் சாடியிருக்கிறார். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டுவாள். மறுநாள் சந்தையில், "போணி ஆச்சாப்பா?" அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அய்யாக்கண்ணு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். இவள் அதை ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டுவிட்டாள்.

சந்தையோடு நிற்கவில்லை இது. பந்தியில் முதல் இலையில் உட்காரமாட்டாள். புது வீட்டுக்குள் முதலில் கால் வைக்கமாட்டாள். என் பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் உச்சம். பிறந்த குழந்தையின் உதட்டில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டுத் தொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை ராசியானவர்கள் வைக்க வேண்டும். அக்கா சின்னக் கிண்ணத்தில் கரைத்து ரெடியாக வைத்திருந்தாள். வைக்கத்தான் ஆள் இல்லை. "நீயே வையேன்க்கா" என்றேன். காதில் விழாததுபோல இருந்துவிட்டு, வார்டுக்குள் வந்த கானா நாட்டு நர்ஸிடம் கிண்ணத்தை நீட்டினாள். அந்த நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டுத் திட்டிய திட்டு இருக்கிறதே. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பதில் சொல்ல வேண்டுமாம். எல்லாம் கேட்டுவிட்டு உள்ளே வந்தால், அக்கா கிண்ணத்துத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, "வீணாப் போவக் கூடாதுல்ல" என்கிறாள்.

இனி, நான் சொல்ல வந்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வழக்கத்தைவிடத் தாமதமாகக் கிளம்பினோம். மார்க்கெட்டில் வண்டி நிறுத்த எள் விழ இடமில்லை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, "சீக்கிரம் வாக்கா" என்று இழுத்துக்கொண்டு ஓடினேன். காய்க்கடை வரிசையின் கோடியில் ஒருத்தி, அக்கா வயதுதான் இருக்கும், கத்திரிக்காயைக் கூறு கூறாக அடுக்கியிருந்தாள். அங்கே கத்திரிக்காய் வெள்ளையும் மஞ்சளுமாக முட்டைபோல இருக்கும். அந்தப் பெண் உச்சி முதல் பாதம் வரை கறுப்பு. கறுப்புத் துணி, கறுப்பு ரவிக்கை, தலையில் கறுப்புக் கட்டு.

"ஏண்டா, இங்க பொம்பளைங்களும் சபரிமலைக்கு மாலை போடுறாங்களா?"

"அக்கா, சும்மா வரமாட்டியா நீ?"

எனக்கு வண்டிக் கவலை. அக்கா அதற்குள் குந்திவிட்டாள். இவ்வளவு நேரத்துக்கு மேல் போணி ஆகாமலா இருக்கும் என்ற தைரியத்தில், அன்றைக்கென்று கேட்காமலே ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். காம்பைக் கிள்ளிப் பார்த்தாள். விலை கேட்கச் சொன்னாள். கேட்டேன். அதிகம் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்புறம்தான் பழக்க தோஷத்தில், "போணியெல்லாம் ஆயிடுச்சாம்மா?" என்றாள்.

இல்லை என்றாள் அந்தப் பெண். காய் ஏற்றி வந்த லாரி வழியில் நின்றுபோய்விட்டதாம். இப்போதுதான் கடை விரித்தாளாம். நாங்கள்தான் முதல் ஆளாம்.

நான் மொழிபெயர்த்த மாத்திரத்தில் அக்கா காயைக் கீழே போட்டாள். "ஐயையோ, தொட்டுட்டேனேடா!" எழுந்தாள். கூடையைத் தூக்கினாள். அவள் போகிற வேகத்துக்கு நான் பின்னால் ஓடினேன். அந்தப் பெண் முதலில் கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். பிறகு கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே வந்து, அக்காவின் மணிக்கட்டை லபக்கென்று பிடித்தாள்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது பேர் கூடினார்கள். பிழைக்க வந்த ஊரில் அடி வாங்கப்போகிறோம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. 'மாமே எஃபுவா, மாமே எஃபுவா' என்று கூட்டம் அவளைச் சமாதானப்படுத்தியது. அப்படித்தான் பெயர் தெரிந்தது. அந்த ஊரில் மூத்த பெண்களை மாமே என்பார்கள். எஃபுவா என்னிடம் படபடவென்று ஆங்கிலத்தில் பொரிந்தாள். "தொட்டுப் பார்த்தாள். விலை கேட்டாள். முதலில் வந்தவள் வாங்காமல் போனால் என் நாள் என்ன ஆகும்? ஒரு காய் விற்குமா எனக்கு?"

அடப்பாவமே, இங்கேயுமா என்று தோன்றியது எனக்கு.

"என்னாடா சொல்றா அந்த மாமி?"

"நீதான் மொத ஆளாம். நீ வாங்காம போவக் கூடாதாம். போணி உன் கையாலதான் ஆவணுமாம்."

அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷம் இல்லை அது. பயம். பிடிபட்ட கையை இழுத்துக்கொள்ளக்கூட முயலாமல், தணிந்த குரலில் சொன்னாள்: "அவளுக்குத் தெரியாதுடா. நீ சொல்லிடு."

"என்னத்தச் சொல்ல?"

"எனக்கு அவரு இல்லன்னு சொல்லு. தெரியாதவகிட்ட போணி பண்ணிட்டுப் போறது ஏமாத்துறதுல்ல?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. பேசாம வாங்கிட்டு வா."

"சொல்லுடான்னா!"

சத்துணவுக்கூடத்தில் நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல் அது. சொன்னேன். இவளுடைய கணவர் இறந்துவிட்டார், எங்கள் ஊரில் கணவனை இழந்தவள் முதல் வியாபாரம் செய்வதில்லை, செய்தால் கடைக்கு ஆகாது என்று நினைப்பார்கள். சொல்லச் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அந்த ஆங்கில வாக்கியம் என் வாயிலிருந்து வந்து நடுச் சந்தையில் நின்றபோது அது எவ்வளவு அசிங்கமான வாக்கியம் என்று தெரிந்தது.

எஃபுவா கேட்டுக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை. மற்றொரு கையால் தன் கறுப்புத் துணியைக் கிள்ளி எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இது என்னவென்று நினைத்தாய்? என் கணவன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. வருஷம் முழுக்க நாங்கள் கறுப்புதான் உடுத்துவோம். இவள் வாங்கக் கூடாது என்றால், நான் விற்கவும் கூடாதா? கேள் அவளை."

கேட்டேன். அக்கா எஃபுவாவின் காலிலிருந்து தலைக்கட்டு வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள்.

"மாலை இல்லியாடா அது?"

"இல்லக்கா."

அக்கா தானாகவே திரும்பி அந்தக் கடையை நோக்கி நடந்தாள். எஃபுவா அவள் கையைப் பிடித்தபடியே கூட நடந்தாள். நான் பர்ஸை எடுத்தேன். "நீ வையி. என் கையால குடுக்கணும்" என்று சொல்லி, இடுப்பிலிருந்த சுருக்குப் பையைப் பிரித்து, செலவுக்கு நான் கொடுத்திருந்த கானாப் பணத்தில், சீடி நோட்டு ஒன்றை எடுத்து நீவிக் கொடுத்தாள். பேரம் பேச மறந்தே போனாள்.

எஃபுவா அந்த நோட்டைப் பைக்குள் போடவில்லை. கத்திரிக் கூறுகளின் மேல், தக்காளியின் மேல், மிளகாயின் மேல், வெங்காயத்தின் மேல், தூசு தட்டுவதுபோல ஒரு சுற்றுத் தடவி எடுத்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. ஊரில் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களே, அதற்கு இவளுடைய முறை இது. அப்புறம் இரண்டு சிவப்பு மிளகாயை எடுத்து, கேட்காமலே, வயர் கூடைக்குள் போட்டாள்.

"பாத்தியாடா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றால் வரவில்லை. எதிர்ப்பக்கத் துணிக்கடை நிழலில் போய் நின்றுகொண்டாள். அந்தக் கடையில் இனி விற்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டுமாம். ஒருத்தி வந்து வாங்கினாள். இரண்டு பேர் வந்தார்கள். பள்ளிக்கூட விடுதிக்கு வாங்குகிறவர் போலிருந்த ஒருவர் வந்து பாதிக் கூறுகளை அள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் அக்கா என் முழங்கையில் இடித்தாள். எனக்கு நாக்கு வறண்டது. கடைசிக் கூறு போன பிறகுதான் அசைந்தாள். வண்டியிடம் வந்தால் சக்கரத்தில் பூட்டுப் போட்டிருந்தார்கள். அபராதம் கட்டி மீட்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு தோத்திரப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

என் கஷ்டம் அதோடு தீர்ந்தது என்று நினைத்தால் நீங்கள் அடைக்கலமேரியைத் தெரிந்துகொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை கோழி கூவும் முன்பே என் காலைப் பிடித்து உலுக்கினாள். "எழுந்திரிடா, அந்த மாமி கடைய தொறந்துடுவா!" இருட்டிலேயே தலை வாரி, கூடையோடு வாசலில் நின்றாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. எஃபுவாவோ அதற்குமேல். நாங்கள் போகும்வரை வேறு யாருக்கும் விற்காமல் இடுப்பில் கை வைத்து நிற்பாள். கொஞ்சம் தாமதமானால் என்னைத்தான் திட்டுவாள். அக்காவிடம் ஒரு சொல் கற்றுக்கொண்டிருந்தாள். "போனி! போனி!" என்று வரிசைக்கே கேட்கக் கூப்பிடுவாள். பக்கத்துக் கடைக்காரிகளும் அதையே பெயர் என்று நினைத்துக்கொண்டு, "ஆன்ட்டி போனி, இங்கேயும் வா, எனக்கும் முதலில் வாங்கு" என்று இழுப்பார்கள். அக்கா கடை கடையாகப் போய் வெள்ளைக்காரத் துரைசானியாட்டம் போணி பண்ணிக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் தின்ன ஆளில்லாமல் காய் அழுகியது. பால்சுறாவும் ஒருநாள் கிடைத்தது. பிரியா நன்றாகத் தேறினாள். நான்தான் தூக்கமில்லாமல் இளைத்தேன்.

அக்கா ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் கிறிஸ்துமஸ் வந்தது. நாங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். சந்தை நாளன்று விடியுமுன்பே என் போர்வை உருவப்பட்டது. இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான பிறகு எனக்கு இது தேவையா என்று முனகிக்கொண்டே பைக்கை எடுத்தேன். பனியில் பல் கிட்டியது. பின்னால் அக்கா, அவள் மடியில் கூடை.

ஜெயங்கொண்டம் சந்தையில் இன்னும் பாதிக் கடை விரிக்கவில்லை. அய்யாக்கண்ணு சாக்கை உதறிப் போட்டு, கத்திரிக்காயைக் கொட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. அக்கா நேராகப் போய் அவர் முன்னால் குந்தினாள். எதுவும் கேட்கவில்லை. ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"வாங்கம்மா, என்னா இவ்வளவு வெள்ளன? ஊருலேருந்து வந்துட்டீங்களா? இன்னும் போணி..." என்று ஆரம்பித்தவர் மேலே போகாமல் நிறுத்தினார்.

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன். கிலோ என்னா வெல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே பைக் கண்ணாடியைத் துடைத்தேன். சந்தில் வேறு யாரும் வரவில்லை. அவர் விலையைச் சொன்னார். அக்கா அதில் பாதியைக் கேட்டாள். அவர் கொஞ்சம் இறங்கினார். அக்கா காயில் சொத்தை இருக்கிறது என்றாள். அவர் சொத்தையே கிடையாது என்றார். அக்கா ஒன்றைப் பிட்டுக் காட்டினாள். மூன்றாவது சுற்றில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"போணி நேரத்துல இப்புடி அடிச்சுக் கேக்காதம்மா!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தராசுத் தட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது. அக்கா சிரிக்கவில்லை. "சரி, போட்டுக் குடுங்க" என்றாள். அவர் போட்டார். வயர் கூடையில் கொட்டிவிட்டு, கையை நீட்டுவதா வேண்டாமா என்று பாதியில் வைத்திருந்தார்.

அக்கா சுருக்குப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நீவினாள். அவர் கையில் வைக்காமல், எட்டிக் குனிந்து, கத்திரிக்காய்க் குவியலின் மேல் தடவினாள்; வெண்டைக்காயின் மேல், தக்காளியின் மேல், கொத்தமல்லிக் கட்டின் மேல், தராசுத் தட்டின் மேல், கடைசியாக அவர் உட்கார்ந்திருந்த சாக்கின் ஓரம்வரை ஒரு சுற்றுத் தடவி எடுத்தாள். பிறகு அந்த நோட்டை அய்யாக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.